கேமரா காட்டாத கடல்

தொலைக்காட்சியில் கடற்பயணப் படம் பார்க்கும்போது, "இவ்வளவு அமைதியான கடலில் படகு ஓட்டுவது என்ன பெரிய காரியம்?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். படகோட்டிகளைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

ஹாரி பாட்டர் படங்களில் நடித்த டிமோதி ஸ்பால், தம் மனைவியுடன் 'பிரின்சஸ் மடில்டா' என்ற பார்ஜ் படகில் பிரிட்டனின் கரையோரமாகச் சுற்றி வந்தார். பி.பி.சி. தொலைக்காட்சி 2010 முதல் 2012 வரை அதைத் தொடராகக் காட்டியது. பார்ஜ் என்பது ஆறுகளிலும் கால்வாய்களிலும் செல்வதற்கான தட்டை அடிப்பாகமுள்ள படகு. அது கடலுக்குப் போவது சரிதானா? இத்தகைய படங்களைப் பற்றிக் கடலோடிகள் சொல்லும் கருத்துகளில் நிறைய விஞ்ஞானம் இருக்கிறது.

அலை எங்கே போயிற்று?

கேமரா அலைகளைத் தட்டையாக்கிவிடும் என்பது அவர்களுடைய முதல் கருத்து. இது உண்மையே. படகில் பொருத்திய கேமரா படகோடு சேர்ந்தே ஆடுவதால், படத்தில் படகு அசையாததுபோல் தெரிகிறது. அகலக்கோண லென்ஸ் தொலைவிலுள்ள அலையைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. படகில் இருப்பவருக்கோ, உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் உணர்த்துகின்றன. நாற்காலியில் அமர்ந்து படம் பார்க்கும் நமக்கு அந்த உணர்வு இல்லை.

தட்டை அடிப்பாகம் நீர்மட்டத்துக்கு இணையாகவே இருக்க முயலும். கால்வாயில் அது நன்மை. கடலில் நீர்மட்டமே சாய்கிறதே! பக்கவாட்டில் அலை வரும்போதெல்லாம் படகும் சாய்ந்து உருளும்.

கரை பாதுகாப்பானதா?

கரை கண்ணுக்குத் தெரிந்தால் பயமில்லை என்று நாம் நினைக்கிறோம். கடலோடிகள் கரைக்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள். ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறைகிறது. அலைகள் நெருங்கி, உயர்ந்து, உடைகின்றன. காற்றும் கரையை நோக்கி வீசினால் தப்ப இடமில்லை.

1859 அக்டோபரில் 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல் ஆஸ்திரேலியாவிலிருந்து பெருங்கடல்களைக் கடந்து வந்தது. லிவர்பூல் துறைமுகத்தை நெருங்கும் வேளையில் புயல் அதை வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவுப் பாறைகளில் மோதியது. 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதன் விளைவாக, 1861-இல் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கினார்.

ஓதத்தின் ஆட்சி

பயணத்தை நடத்துவது மாலுமி மட்டுமல்ல, ஓதமும்தான். பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் பெரு ஓதத்தின்போது நீர்மட்டம் 12 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். இது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்! ஸ்காட்லாந்தின் வடக்கே பென்ட்லண்ட் நீரிணையில் ஓத நீரோட்டம் மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு அதை எதிர்த்தால் என்ன ஆகும்? முன்னோக்கி ஓடிக்கொண்டே, மணிக்கு 8 கிலோமீட்டர் பின்னோக்கிப் போகும்! ஆகவே ஓத அட்டவணையைப் பார்த்துப் புறப்படும் நேரத்தைக் குறிப்பார்கள். துறைமுகத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதியே. படத்தில் அது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தட்டின் ஒரு முனையில் காலி பாட்டிலையும், மறுமுனையில் அதைப் பார்த்தபடி செல்போன் கேமராவையும் அசையாமல் கட்டுங்கள். வெற்றுச் சுவரின் முன் தட்டை இடமும் வலமுமாகச் சாய்த்துப் படமெடுங்கள். படத்தில் பாட்டில் நேராகவே நிற்கும்! பிறகு பாட்டிலில் பாதி வண்ண நீர் ஊற்றி, மூடி, மறுபடி எடுங்கள். இப்போது என்ன தெரிகிறது? ஏன்?