சீனக் கைவினையும் ஈழத்துக் கரையும்



உயர்ந்த பட்டைச் சீனப்பட்டு என்கின்றோம். திருவிழாவிற் கொளுத்துவது சீனவெடி. தேநீரில் இடுவது சீனி. தூரதேசம் ஒன்றின் பெயர் நம் வீட்டுப் புழக்கத்தில் இவ்வாறு கலந்திருப்பது, நெடுங்காலக் கடல் வாணிகத்தின் பயனாகும். அவ்வாணிகத்திற் சீனரின் கைத்திறனும் நம் கரைக்கு வந்தது.

அக்கைத்திறன்களுள் தலையாயது பீங்கான். வெண்களிமண்ணோடு ஒருவகைக் கல்லின் பொடியைக் குழைத்து, ஏறத்தாழ 1300 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடும்போது, மண் கண்ணாடித் தன்மை பெற்று இறுகுகின்றது. அதில் நீர் ஊறாது; தட்டினால் மணிபோல் ஒலிக்கும். மேற்பூச்சிற் சிறிது இரும்பு கலந்து, சூளையுட் காற்றைக் குறைத்துச் சுட்டால் இனிய பச்சை நிறம் பிறக்கும். சுங் வமிச காலத்துக் (960–1279) குயவர் இப்பசுமையாற் புகழ் பெற்றனர். பிற்காலத்தவர் பாரசீகத்திலிருந்து கோபாற்றுத் தாதுவை வருவித்து, வெண்ணிறத்தின்மீது நீலச் சித்திரம் தீட்டினர். சிங்தெசென் நகரின் சூளைகளைக் கண்ட பிரெஞ்சுப் பாதிரியார் தந்திரெக்கோல், ஒரு பாத்திரம் எழுபது தொழிலாளரின் கைகளைக் கடந்தே முற்றுப்பெறுகின்றதென 1712ஆம் ஆண்டில் எழுதினார்.

அரக்கு வேலை மற்றொன்று. நம் மாத்தளைக் கைவினைஞர் கையாளும் அரக்குப் பூச்சியினத்திலிருந்து கிடைப்பது. சீனருடையதோ ஒருவகை மரத்தின் பால். அதனை மெல்லிய பூச்சாகத் தடவி, உலரவிட்டு, மீண்டும் தடவுவர். இவ்வாறு பல பூச்சுகள் திரண்டு தடித்த பின்னரே அதிற் பூவும் கொடியும் செதுக்குவர். ஒரு பேழை நிறைவுபெறப் பல மாதங்கள் செல்லும்.

இப்பொருள்கள் நம் நாட்டிற்கு வந்தமைக்குச் சான்றுகள் உள. மன்னார் மாதோட்டத்தில் 1980ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற அகழ்வில், தாங் வமிச காலத்துச் சீனப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன. யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் 1977இல் ஆய்வாளர் யோன் காசுவெல் கண்டெடுத்தவை சுங் காலத்தவை.

எல்லாவற்றிலும் வியப்பிற்குரியது, 1911ஆம் ஆண்டில் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு. மதகொன்றை மூடும் பலகையாக அது கிடந்தது. மிங் பேரரசரின் கடற்படைத் தலைவர் செங் கோ கொணர்ந்த அக்கல்லில் 1409ஆம் ஆண்டுக்குரிய நாள் பொறிக்கப்பட்டுள்ளது. வளைந்த உச்சியில் இரு பறவைநாகங்கள் எதிரெதிரே நிற்கின்றன. கீழே சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையிற் கோயில் கொண்ட தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்குரியது. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, தூபக்கால், விளக்கு, பூச்சாடி, அரக்குப் பூசிய பேழை என்பன காணிக்கைகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. இக்கல் சீனத்து நான்கிங் நகரிலேயே பொறிக்கப்பட்டதென அறிஞர் கருதுவர். அங்ஙனமாயின், நம் எழுத்துகள் அத்தொலைநகரிற் கல்லில் ஏறின எனலாம். இன்று அக்கல் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது.

துறைமுக நகராகிய திருக்கோணமலையில், அன்புவழிபுரத்தில் வாழும் என் போன்றோர்க்கும், இத்தீவின் கரையோரத்தார் அனைவர்க்கும் இதனால் ஒரு கடமை உண்டு. கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் பழம் பாண்டத் துண்டுகள் வெளிப்படலாம். ஓடென்று எறிந்துவிட்டால் அவற்றோடு ஒரு வரலாறு அழிந்துவிடும். அழகென்று எடுத்து அலுமாரியில் வைத்தாலும் நட்டமே. எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது என்பதே துண்டின் காலத்தையும் அது வந்த வழியையும் உணர்த்துவது. ஆதலின், கண்ட இடத்திலேயே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்திற்கு அறிவித்தல் வேண்டும். மதகுப் பலகையாய்க் கிடந்த கல்லை அன்று ஒருவர் உற்று நோக்கியிராவிடின், அதிலுள்ள தமிழை நாம் அறிந்திருக்கமாட்டோம்.