குண்டு எழுத்துக்கு ஒரு தம்பி!

பேக்கரி போர்டு, ஐஸ்க்ரீம் டப்பா, மழலையர் பள்ளி வேன்... இவற்றில் இருக்கும் எழுத்துகளைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் தடிமனாக இருக்கும். ஆனால், குத்துகிற மாதிரி ஒரு முனைகூட இருக்காது. கோடு முடிகிற இடமெல்லாம் தேய்ந்த சோப்பின் விளிம்பு போல உருண்டிருக்கும். 'குண்டு குண்டா எழுதுடா' என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுதான்!

இந்த ரகத்தில் தமிழுக்கும் ஓர் எழுத்துரு உண்டு. பெயர், 'பாலூ தம்பி'. உருவாக்கியது, மும்பையைச் சேர்ந்த 'ஏக் டைப்' குழு. இந்தியில் 'பாலூ' என்றால் கரடி. பெயருக்கு ஏற்றபடி எழுத்துகளும் கொழுகொழுவென்று இருக்கின்றன. ஒவ்வொரு மொழிக்கும் ஓர் உறவுமுறை வைத்திருப்பதுதான் இதில் அழகு. மலையாளத்தில் 'பாலூ சேட்டன்', தெலுங்கில் 'பாலூ தம்முடு', கன்னடத்தில் 'பாலூ தம்மா', குஜராத்தியில் 'பாலூ பாய்', பஞ்சாபியில் 'பாலூ பாஜி'. தமிழுக்குத் தம்பி!

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிறந்தநாள் அழைப்பிதழ் முதல் கடை போர்டு வரை எதற்குப் பயன்படுத்தினாலும் கட்டணம் கிடையாது. யூனிகோடு எழுத்துரு என்பதால், நீங்கள் அடித்து அனுப்பிய விஷயம் அச்சகத்தின் கம்ப்யூட்டரில் புரியாத ஆங்கிலக் குறிகளாக மாறிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

வீட்டிலேயே ஊறுகாய், சத்துமாவு, முறுக்கு செய்து விற்பவர்களுக்கு இந்தத் தம்பி நல்ல துணை. பாக்கெட்டின் முகப்பில் பொருளின் பெயரைப் பெரிதாகப் போட்டால், நான்கடி தள்ளி நிற்பவருக்கும் பளிச்சென்று தெரியும். பார்ப்பதற்கும் வீட்டுப் பலகாரத்துக்கு உரிய நெருக்கம் இருக்கும்.

ஆனால், பெயர் அழகாக வந்துவிட்டதே என்று லேபிள் முழுவதையும் அதே தடித்த எழுத்தில் போட்டுவிடாதீர்கள். எழுத்து சிறிதாகும்போது, தடித்த கோடுகள் உள்ளே இருக்கும் வெள்ளை இடத்தை விழுங்கிவிடும். 'ண'வின் சுழிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும். மெய்யெழுத்தின் புள்ளி, எழுத்தோடு சேர்ந்துவிடும். 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். காலாவதி தேதி 3-ம் மாதமா, 8-ம் மாதமா என்று குழப்பம் வந்தால், அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, வயிறு சம்பந்தப்பட்டது. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு, சேர்மானப் பட்டியலில் அந்த ஒரு சொல் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும்.

அதனால், பெயருக்கு மட்டும் குண்டு எழுத்து. தேதி, எடை, சேர்மானம், போன் நம்பர் எல்லாம் மெல்லிய, சாதாரண எழுத்தில் இருக்கட்டும். ஒரே குடும்பச் சாயல் வேண்டும் என்பவர்களுக்கு, 'பாலூ தம்பி 2'-ல் சாதாரணம் முதல் மிகத் தடிமன் வரை 5 கனங்கள் இருக்கின்றன.

மொத்தமாக அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு லேபிளை, பாக்கெட்டில் ஒட்டப்போகும் அதே அளவில் பிரின்ட் எடுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டியிடம் கொடுத்து, தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். திணறாமல் படித்துவிட்டால், தைரியமாக ஆயிரம் அடிக்கலாம்!