டவரும் இல்லை, நெட்டும் இல்லை... ஆனாலும் மெசேஜ் போகும்! பாக்கெட் ரேடியோ எப்படி வேலை செய்கிறது?

புயல் கரையைக் கடந்த ராத்திரி. கரன்ட் இல்லை, செல்போன் டவரும் படுத்துவிட்டது. வாட்ஸ்அப் மெசேஜ் கடிகாரக் குறியோடு அப்படியே நிற்கிறது. அந்த நேரத்திலும் ஒரு கார் பேட்டரி, ஒரு ஹாம் ரேடியோ, கூடவே ஒரு சின்னப் பெட்டி இருந்தால் எழுத்து வடிவில் தகவல் அனுப்பலாம்.

அந்தப் பெட்டியின் பெயர் டிஎன்சி, அதாவது டெர்மினல் நோட் கன்ட்ரோலர்.

மைக்கில் பேசினால் போதாதா?

பேசலாம். ஆனால், இரைச்சலுக்கு நடுவில் 20 மருந்துகளின் பெயரையோ போன் நம்பர்களையோ சொன்னால் ஒரு எழுத்தாவது மாறிவிடும். பாக்கெட் ரேடியோவின் பலம் இங்கேதான்.

டைப் செய்ததை டிஎன்சி சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும். அதுதான் பாக்கெட். ஒவ்வொன்றிலும் அனுப்புபவர், பெறுபவரின் அழைப்புக்குறியும், பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சரிபார்ப்பு எண்ணும் இருக்கும். பிறகு அதை 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளாக மாற்றி ரேடியோவுக்குக் கொடுக்கும். கேட்பதற்கு பழைய டயல்-அப் மோடம் சத்தம் மாதிரியே இருக்கும்.

மறுமுனையில் எண் பொருந்தினால் 'கிடைத்தது' என்று பதில் வரும். பொருந்தாவிட்டால் அந்த பாக்கெட் குப்பைக்குப் போகும். பதில் வராததால் இந்தப் பக்கத்து டிஎன்சி மறுபடி அனுப்பும்.

வேகம் எப்படி?

ரொம்ப ஸ்லோ. வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். 1 எம்பி போட்டோ அனுப்ப கிட்டத்தட்ட 2 மணி நேரம் ஆகும். ஆனால், 'இங்கே 12 பேர் இருக்கிறோம், தண்ணீர் வேண்டும்' என்ற வரிக்கு ஒரு நொடி போதும்.

எப்படி இயக்குவது?

1980களில் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூசான் நகர ஹாம் குழு உருவாக்கிய 'டிஎன்சி-2' போட்ட பாதையில்தான் பிறகு வந்த பல டிஎன்சிக்களும் நடந்தன. 'மைகால்' கட்டளையில் உங்கள் அழைப்புக்குறியைப் பதிய வேண்டும். 'கனெக்ட்' என்று கொடுத்து எதிர்முனையின் அழைப்புக்குறியைப் போட்டால் இணைப்பு கிடைக்கும். 'எம்ஹெர்ட்' கொடுத்தால் இதுவரை யார் யார் காதில் விழுந்தார்கள் என்ற பட்டியல் வரும்.

எங்கே சொதப்பும்?

* ஒலி அளவு: சத்தம் கூடினால் நல்லது என்று நினைத்து ஏற்றிவிடுவார்கள். ஒலி சிதைந்து, எதிர்முனைக்கு எதுவுமே புரியாது.
* டிஎக்ஸ்டிலே: பட்டனை அழுத்திய நொடியே ரேடியோ முழு பவருக்கு வராது. அதற்காகக் காத்திருக்கும் நேரம் இது. டிஎன்சி-2-இல் 30 என்று வைத்தால் 300 மில்லி செகண்ட். ரொம்பக் குறைத்தால் பாக்கெட்டின் தலை வெட்டுப்படும்.
* அவசரம்: ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்கிறார்கள். டிசிடி விளக்கு எரிந்தால் வேறொருவர் பேசுகிறார் என்று அர்த்தம். டிஎன்சி தானாகவே காத்திருக்கும். அதை மீறும்படி செட்டிங்கை மாற்றினால் இரண்டு பாக்கெட்டும் மோதி வீணாகும்.

விண்வெளியிலும் இருக்கிறதா?

ஆமாம். சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ 145.825 மெகாஹெர்ட்ஸில் பாக்கெட்டுகளை வாங்கித் திருப்பி அனுப்பியிருக்கிறது. நிலையம் தலைக்கு மேல் கடக்கும் நேரம் சுமார் 10 நிமிடம்தான். செட்டிங் தப்பாக இருந்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

பெட்டி கட்டாயமா?

இல்லை. 'டயர்வுல்ஃப்' என்ற இலவச மென்பொருள், லேப்டாப்பையோ ராஸ்பெர்ரி பையையோ டிஎன்சியாக மாற்றிவிடும். ஆனால், அனுப்புவதற்கு உரிமம் கட்டாயம். இந்தியாவில் அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேற வேண்டும். இன்னொன்று, ஹாம் அலைவரிசையில் ரகசியக் குறியீட்டுக்கு இடமில்லை. நீங்கள் அனுப்புவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் பாஸ்வேர்டு, வங்கி விவரம் எல்லாம் கூடவே கூடாது.

பெட்டியை வாங்கி அலமாரியில் வைத்தால் மட்டும் போதாது. நண்பர் ஒருவரோடு வாரத்துக்கு ஒருமுறையாவது கனெக்ட் செய்து பழக வேண்டும். புயல் அன்றைக்கு மேனுவலைப் புரட்ட நேரம் இருக்காது.