குத்தகைக்குப் போன குரலும் பங்குக்குப் போன குரலும்

கண்டி நகரில் பழைய தளபாடமும் பித்தளைச் சாமானும் வாங்கி விற்கும் நமது சகோதரர்களின் கடைகளுக்கு அவ்வப்போது கிராமபோன் இசைத்தட்டுகள் வந்து சேர்வதுண்டு. புசல்லாவை, கம்பளை, நாவலப்பிட்டி பக்கத்துப் பங்களாக்களில் துரைமார் விட்டுப்போனவை அவற்றில் அதிகம். கறுப்பு நிறம், கல்லைப் போன்ற பாரம், சிலவற்றில் ஒரு பக்கத்தில் மட்டுமே பாட்டு, மறுபக்கம் வழுவழுவென்று வெறுமை. கொண்டு வருபவர் சும்மா கொண்டு வருவதில்லை. "கரூசோ என்று எழுதியிருக்கிறதாம், இலட்சத்துக்குக் குறையாதாம்" என்ற கதையையும் சேர்த்தே கொண்டு வருகிறார். வாங்குபவருக்கு அந்தப் பெயரும் தெரியாது, பெறுமதியும் தெரியாது.

இசை ஆகுமா, ஆகாதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். இது வியாபாரப் பத்தி. ஒரு மனிதனின் தொண்டை முதன்முதலில் எப்படிச் சந்தைக்கு வந்தது, யார் எந்தக் கணக்கில் விற்றார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒபேரா என்பது வெள்ளைக்காரரின் இசை நாடகம். வசனம் பேசுவதைப் பாட்டாகவே பாடுவார்கள். நம் பக்கத்து வள்ளி திருமணம், பவளக்கொடி நாடகங்களை நினைத்துக் கொண்டால் ஏறக்குறைய விளங்கும். இசைத்தட்டு பிறந்த காலத்தில் இந்த மேடைப் பாடகர்களைக் கம்பனிகள் தேடிப் போனதற்குக் காரணம் கலை ஆர்வம் மட்டுமல்ல. 1925ஆம் ஆண்டு வரை ஒலிப்பதிவுக்கு மைக் கிடையாது. ஒரு தகரக் குழலுக்குள் வாயை வைத்துப் பாட வேண்டும். அந்தச் சத்தத்தின் பலத்தில்தான் ஊசி அசைந்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். மெல்லப் பாடுகிறவர் குரல் ஏறாது. ஆயிரம் பேர் இருக்கும் மண்டபத்தின் கடைசி வாங்கு வரை கேட்கப் பாடிப் பழகியவர் குரல்தான் ஏறும். அதிலும் ஆணின் உச்சக் குரல் குழலுக்கு நன்றாகப் பொருந்தியது. பெண் குரல் மங்கியது, வயலின் இருக்கிற இடமே தெரியவில்லை. சரக்கைத் தீர்மானித்தது கருவிதான்.

1902 ஏப்ரலில் லண்டன் கிராமபோன் கம்பனியின் ஆள் பிரெட் கைஸ்பர்க் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு ஹோட்டல் அறையில் கருவிகளை இறக்கினார். பெரிய இசையமைப்பாளர் வெர்டி முந்திய ஆண்டு காலமான அதே ஹோட்டல்தான். அந்த நகரின் லா ஸ்காலா அரங்கில் அப்போது பெயர் எடுத்துக் கொண்டிருந்தவர் என்ரிக்கோ கரூசோ. பத்துப் பாட்டுக்கு நூறு பவுண் கேட்டார். கூலி மிக அதிகம், பதிவு செய்ய வேண்டாம் என்று லண்டனிலிருந்து தந்தி வந்ததாகவும், அதைப் பொருட்படுத்தாமல் தாம் துணிந்து பதிவு செய்ததாகவும் கைஸ்பர்க் பிற்காலத்தில் எழுதினார். ஒரே பிற்பகலில் பத்துப் பாட்டும் முடிந்தது. நூறு பவுண் என்றால் அன்றைய மதிப்பில் 1500 ரூபாய். ஒரு பாட்டு 150 ரூபாய்.

அக்குறணை, மாத்தளை பக்கத்து வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பூ வருமுன்பே கராம்பு மரத்தைக் குத்தகைக்குப் பேசி, காசைக் கையில் கொடுத்துவிட்டால், காய்த்தது எவ்வளவானாலும் வாங்கியவருக்கு. கரூசோ அன்று செய்தது குத்தகை வியாபாரம். அந்தப் பத்துத் தட்டும் ஐரோப்பா எங்கும் விற்றன. அந்த விற்பனையில் கரூசோவுக்குப் பங்கு இல்லை.

அடுத்த ஆண்டு வந்தவர் வேறு ரகம். பிரான்செஸ்கோ தமான்யோ. 1887இல் வெர்டியின் ஒத்தெல்லோ நாடகம் அரங்கேறியபோது அதன் நாயகனாக நின்றவர். சிக்கனத்துக்கும் பெயர் போனவர். இதய நோய் காரணமாக மேடையை விட்டு ஒதுங்கி ஒஸ்பெதலெத்தி என்ற கடலோர ஊரில் இருந்தார். கம்பனிதான் கருவிகளைத் தூக்கிக்கொண்டு 1903 பெப்ரவரியில் அவருடைய வீட்டுக்குப் போனது. அவர் போட்ட நிபந்தனை இதுதான்: 2000 பவுண் முற்பணம். தட்டு ஒன்று ஒரு பவுணுக்கு, அதாவது இருபது ஷில்லிங்குக்கு விற்கப்பட வேண்டும். விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு ஷில்லிங் அவருக்கு. ராயல்டி என்று சொல்கிறார்களே, அதைப் பெற்ற முதல் பாடகராக இசைத்தட்டு வரலாற்றில் இடம் பிடித்தவர் அவர்தான்.

கணக்குப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு. முற்பணம் 40,000 ஷில்லிங். பத்தாயிரம் தட்டு விற்றால்தான் அந்த முற்பணமே கழியும். விற்காவிட்டாலும் காசு அவர் கையில். முற்பணமும் வேண்டும், பங்கும் வேண்டும், விற்பனை விலையையும் நானே சொல்வேன் என்று கேட்கத் தெரிந்திருக்கிறது. அப்படிக் கேட்டு வாங்கும் அளவுக்குப் பெயரும் இருந்திருக்கிறது. 1905இல் அவர் காலமாகிவிட்டார்.

1904இல் அவுஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா தன் லண்டன் வீட்டில் பதிவு செய்தபோது அவருடைய தட்டுக்கு விலை 21 ஷில்லிங். தமான்யோவை விட ஒரு ஷில்லிங் கூட. அந்த ஒரு ஷில்லிங்கில் இலாபம் ஒன்றும் பெரிதாக இல்லை, மதிப்புத்தான் இருந்தது. 1905 டிசம்பரில் 62 வயது அடெலினா பட்டி வேல்சில் தமக்கிருந்த கோட்டையிலேயே பாடிக் கொடுத்தார். அவருக்கும் 21 ஷில்லிங். தட்டின் நடுவில் ஒட்டும் லேபலுக்கும் நிறம் பிரித்தார்கள். சிவப்பு என்றால் பெரிய பாடகர், மெல்பாவுக்கு ஊதா, பட்டிக்கு இளஞ்சிவப்பு. உள்ளே இருப்பது ஒரே அரக்கு, ஒரே மாவு. கடதாசியின் நிறத்தை வைத்து விலையை ஏற்றும் வித்தையை அவர்கள் அன்றே கண்டு கொண்டார்கள்.

கரூசோவும் சும்மா இருக்கவில்லை. 1904 பெப்ரவரியில் நியூயோர்க்கில் விக்டர் கம்பனிக்குப் பாடத் தொடங்கி, ராயல்டி ஒப்பந்தத்துக்கு மாறினார். 1908இல் அவரும் வேறு ஐந்து பேரும் சேர்ந்து பாடிய ஒரு தட்டு ஏழு டொலருக்கு விற்றது, அதுவும் ஒரு பக்கம் மட்டும். 1921இல் காலமாகும் வரை இசைத்தட்டிலிருந்து மட்டும் அவர் பெற்றது பத்து இலட்சம் டொலருக்கும் மேல். மிலான் ஹோட்டலில் வாங்கிய நூறு பவுணை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நூறு பவுண் என்றதும் இன்னொன்று. எச்.எம்.வி. நாயை அறியாத பழைய ஆள் இல்லை. பிரான்சிஸ் பரோ என்ற ஓவியர் வரைந்த அந்தப் படத்தை 1899இல் கம்பனி வாங்கியது படத்துக்கு ஐம்பது, உரிமைக்கு ஐம்பது என்று மொத்தம் நூறு பவுணுக்குத்தான். உலகெங்கும் தெரிந்த வர்த்தகச் சின்னம் அது. பிற்காலத்தில் கம்பனி அவருக்கு ஓய்வூதியம் கொடுத்தது, அதே படத்தைத் திரும்பத் திரும்ப வரையவும் காசு கொடுத்தது. அது கம்பனி தன் மனதால் கொடுத்தது, ஒப்பந்தப்படி அவர் கேட்டு வாங்கக் கூடியதாக எதுவும் இருக்கவில்லை.

இனி நமது பக்கம் வருவோம். மிலானில் கரூசோவைப் பதிவு செய்த அதே கைஸ்பர்க் அதே 1902ஆம் ஆண்டின் கடைசியில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். முதலில் குழலுக்கு முன் நின்றவர்கள் அங்குள்ள நாடக அரங்கின் இளம் நடிகைகள். அந்த நவம்பரிலேயே கௌஹர் ஜான் பாடினார். ஆர்மேனிய வம்சத்துத் தந்தைக்குப் பிறந்து, தாயோடு இஸ்லாத்தைத் தழுவிய பெண். பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். அது பெருமைக்காக அல்ல. மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போகும், அங்குள்ளவர்களுக்கு மொழி தெரியாது, யாருடைய பாட்டு என்று லேபல் ஒட்ட அந்தச் சத்தம்தான் அடையாளம். பதிவுக்கு வரும்போது ஒரு முறை அணிந்த நகையை மறுமுறை அணிந்து அவர் வந்ததில்லை என்று கைஸ்பர்க் வியந்து எழுதினார். பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் நூற்றுக்கணக்கான பாட்டுகள். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை அமைக்கும் அளவுக்கு இந்திய வியாபாரம் வளர்ந்தது. அந்தக் கௌஹர் ஜான் 1930இல் மைசூரில் காலமானபோது அரண்மனைச் சம்பளத்தில் இருந்தார். வழக்குகளும் உறவினரும் தின்றது போக மிச்சம் அவ்வளவுதான். ஆரம்ப காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்துப் பாடகர்களில் பெரும்பாலோருக்கு ஒருமுறைக் கூலிதான், நான்கு ஷில்லிங் கணக்கு இங்கே வந்து சேரவில்லை.

இலங்கையின் கதையும் மேடையில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலேறி கொழும்புக்கு வந்தன. அந்த மெட்டுகளைக் கேட்டே சிங்கள நூர்த்தி நாடகம் பிறந்தது. ஜோன் டி சில்வா 1903இல் சிறிசங்கபோ நாடகத்துக்கு இசையமைக்க விஸ்வநாத் லவுஜி என்ற இந்தியரை அழைத்தார். அதில் வந்த "தன்னோ புதுன்கே" பாட்டை இன்றும் பாடுகிறார்கள். 1911இல் மருதானையில் டவர் மண்டபம் திறந்தது. மேற்கத்திய முறையில் பயின்ற ஹியூபர்ட் ராஜபக்ஷ அதே பாட்டை ஒபேரா பாணியில் பாடியவர். 2016 சுதந்திர தினத்தில் கிஷானி ஜயசிங்க அதே பாணியில் பாடியபோது நாட்டில் பெரிய சர்ச்சை கிளம்பியது நினைவிருக்கும். பார்சி மேடை வழியாக வந்த பாட்டுக்கு எது சுதேசம், எது விதேசம் என்று சண்டை பிடித்தவர்களை என்ன சொல்ல!

தமிழ் மேடையில் கரூசோவுக்கு நிகர் சொல்வதானால் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் சேர்ந்து நடித்தது நம் கொழும்பில்தான். மைக் இல்லாமல் கொட்டகை முழுக்கக் கேட்கும் குரல் இருவருக்கும். இசைத்தட்டுகளால் அந்தக் குரல்கள் கொட்டகையே இல்லாத ஊர்களுக்கும் போயின. கிட்டப்பா 1933இல் 27 வயதிலேயே போய்விட்டார். சுந்தராம்பாளிடம் படம் எடுக்கக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் சொன்ன விலை ஒரு இலட்சம் ரூபாய். 1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்துக்கு அதையே பெற்றார். அன்று அப்படி ஒரு தொகை எந்த நடிகருக்கும் இல்லை. தட்டும் மேடையும் சம்பாதித்துக் கொடுத்த பெயரை அவர் சரியான இடத்தில் காசாக்கினார்.

இதில் நம்மைப் போன்ற கடைக்காரருக்குரிய ஆள் காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். இசைத்தட்டு வாங்கி விற்ற சில்லறை வியாபாரி. பிறர் தட்டை விற்றுக் கமிஷன் பெறுவதைவிட நாமே பாடகரை அழைத்துப் பதிவு செய்வோம் என்று கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஓடியன் கம்பனி மூலம் தட்டுகளை வெளியிட்டார். ஒரு முழு நாடகத்தைப் பல தட்டுகளில் அடக்கி, 'நாடக செட்' என்று பெட்டியாக விற்பது அந்தக் காலத்து வழக்கம். ஒரு தட்டு வாங்க வந்தவர் ஒரு பெட்டி வாங்கிப் போனார். ஏ.வி.எம். ஸ்டூடியோவின் வேர் இந்தக் கடைதான்.

இங்கேயும் மேடையிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து படத்துக்கு என்றுதான் பாதை. கண்டி-நுவரெலியா வீதியில் உள்ள றம்பொடையில் 1923இல் பிறந்த ருக்மணி தேவி மேடையிலும் எச்.எம்.வி. தட்டிலும் பாடிவிட்டே 1947இல் முதல் சிங்களப் பேசும் படத்தின் நாயகியானார். சேலத்திலிருந்து வந்த முகைதீன் பேக் மேடை நடிகர் அல்ல, ஆனால் அவரையும் வீட்டு வீடாகக் கொண்டு சேர்த்தது முதலில் இசைத்தட்டுத்தான். சிங்கள மக்கள் அவரைத் தங்களவராகவே கொண்டாடினார்கள்.

கிராமபோன் விற்ற கடைக்காரரின் நிலையான வருமானம் எது தெரியுமா? ஊசி. இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் தட்டைத் தின்றுவிடும். பெட்டி ஒருமுறை விற்கும், ஊசி மாதா மாதம் விற்கும். பிரிண்டர் விற்று மை விற்கும் இன்றைய சகோதரர்களுக்கு இது விளங்கும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கும் பாடியவருக்கும் உரிமை ஐம்பது ஆண்டுகள். பாட்டை இயற்றியவருக்கோ ஆயுட்காலமும் அதன்பின் எழுபது ஆண்டுகளும். ஆகவே நூறு வருடப் பழைய தட்டுத்தானே என்று பிரதி எடுத்து விற்க நினைப்பவர், பாடியவரை மட்டும் பார்க்காமல் எழுதியவர் எப்போது காலமானார் என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைக்கு வரும் தட்டுக்கு எப்படி விலை சொல்வது? கரூசோ என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அவர் தட்டுகள் இலட்சக்கணக்கில் அச்சானவை, சாதாரணமானவை இன்றும் உலகெங்கும் மலிவாகக் கிடைக்கின்றன. லேபலில் நாய் இல்லாமல், எழுதும் தேவதையின் படம் இருந்தால் அது மிகப் பழையது, அதை ஒதுக்கி வையுங்கள். தமான்யோ, பட்டி பெயர் இருந்தாலும் அப்படியே. பழைய நூர்த்தி, தமிழ் நாடகத் தட்டுகளைக் குறைத்து மதிக்க வேண்டாம். கொஞ்சமாக அச்சாகி, தேயத் தேயக் கேட்கப்பட்டவை என்பதால் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. வெடிப்பு விழுந்திருந்தால் பெயர் யாராக இருந்தாலும் விலை போய்விட்டது.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், வெயில் படக்கூடாது. துடைக்கும்போது ஸ்பிரிட் பாவிக்கவே கூடாது. இந்தத் தட்டின் மூலப்பொருள் அரக்கு. ஹுரிகடுவையில் கைத்தடிக்கும் பெட்டிக்கும் பூசுகிறார்களே, அதே இனம்தான். ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், பாட்டும் அதோடு போய்விடும். மெல்லிய பருத்தித் துணியில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு, லேபல் நனையாமல் வட்டமாகத் துடைத்தால் போதும்.