ஆங்கில வினைகளும் அவற்றைத் தொடரும் சிறு சொற்களும்

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களினின்றும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர், 'போஸ்ட்போன்', 'எக்ஸ்டிங்குவிஷ்', 'டாலரேட்' முதலிய நெடுஞ்சொற்களுக்குத் தயங்காது பொருள் கூறுவர். அவற்றிற்கு ஈடாக ஆங்கிலேயர் தம் இல்லங்களில் வழங்கும் 'புட் ஆஃப்', 'புட் அவுட்', 'புட் அப் வித்' என்பவற்றைக் கேட்பின் திகைப்பர். மூன்றிலும் உள்ள 'புட்' இளமையிலேயே கற்ற சொல்லாயிற்றே, திகைப்பு ஏன்? நம் நாட்டில் ஆங்கிலம் பெரும்பாலும் ஏட்டின் வழியே பரவிற்று. ஏடு இலத்தீன் வழிவந்த சொற்களை மிகுதியும் ஆள்வது. பேச்சோ இச்சிறு சொற்களைக் கொண்டே நடப்பது. பட்டம் பெற்றபின் நேர்காணலில் அமரும் இளைஞன், வினாவை விளங்கிக்கொள்ளாமலே நல்ல வேலையை இழத்தல் இதனால் கூடும்.

இவ்வருத்தம் நமக்கே உரியதன்று. 1755-ஆம் ஆண்டில் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் திரியும் இவ்வகையே அயல்நாட்டாருக்குப் பெருந்தொல்லை என முன்னுரையில் குறித்தார். 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயரை 1925-இல் தம் நூலில் ஆண்டவர் லோகன் பியர்சால் ஸ்மித்; அப்பெயர் ஹென்றி பிராட்லி என்பார் தமக்கு உரைத்தது என்றும் அவர் கூறினார். 1930-இல் ஆக்டன் என்பவர் 850 சொற்களில் 'பேசிக் இங்கிலீஷ்' வகுத்தபோது, வினைகளை 18 அளவில் நிறுத்த இயன்றது இச்சிறு சொற்களின் துணையாலேயே. சொற்றொகை குறைந்தது, கற்போன் சுமை குறைந்ததா என்பது வேறு வினா.

விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் எஞ்சின் ஒன்றே. விருத்தாசலத்திற்கோ, மயிலாடுதுறைக்கோ, காட்பாடிக்கோ, புதுச்சேரிக்கோ, அது செல்லுமிடத்தை ஏறும் தண்டவாளமே தீர்மானிக்கும். 'கிவ்' என்பதும் அத்தகையது. 'கிவ் அப்' என்றால் கைவிடுதல். 'கிவ் இன்' என்றால் இணங்கிவிடுதல். 'கிவ் அவே' என்றால் இலவசமாக ஈதல், மறைபொருளை வெளியிடுதலும் ஆம். 'லுக் ஆஃப்டர்' பேணுதல். 'லுக் இண்டு' ஆராய்தல். 'லுக் டவுன் ஆன்' இகழ்தல்.

வடமொழி கற்றார்க்கு இது புதிதன்று. 'ஹ்ரு' என்னும் ஒரே தாதுவினின்று, முன்னொட்டின் வேறுபாட்டால் ஆஹாரம், விஹாரம், சம்ஹாரம், பரிஹாரம் எனத் தம்முள் தொடர்பில்லாப் பொருள்கள் பிறத்தலை அம்மொழி இலக்கணத்தார் காட்டுவர். அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டா. நாம் நாடோறும் சொல்லும் 'விட்டுக்கொடு' என்பதில் எதனை விடுகிறோம், எதனைக் கொடுக்கிறோம்? 'கண்டுபிடி' என்பதில் பிடிக்கப்படுவது யாது? 'பார்த்துக்கொள்' என்பது வெறும் பார்வையன்று, காத்தலே. 'தள்ளிப்போடு' என்பதை 'புட் ஆஃப்' என்பதனோடு ஒப்பிடுக: 'போடு' என்பதே 'புட்'! தமிழில் பொருளைத் திருப்புவது பெரும்பாலும் மற்றொரு வினை. ஆங்கிலத்தில் ஒரு சிறு இடைச்சொல். வேற்றுமை அவ்வளவே.

'கண்டு', 'பிடி' எனப் பிரித்து எந்தத் தாயும் குழந்தைக்குக் கற்பிப்பதில்லை. வாக்கியத்தில் கேட்டே அது கற்கிறது. ஆகவே கடைகளில் விற்கும் பட்டியல் நூல்களை நெட்டுருச் செய்வதில் எமக்கு நம்பிக்கையில்லை. செய்தித்தாளிலோ வானொலியிலோ ஒரு தொடர் எதிர்ப்படின், அதனை ஒரே சொல்லாகக் கொண்டு, வந்த வாக்கியத்தை முழுதும் குறிப்பேட்டில் எழுதுக. முழு வாக்கியம் ஏனெனில், சொற்கிடக்கையும் உடன் வரும். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் தகும். 'மீட்டிங்' நிற்குமிடத்தில் 'இட்' வருமாயின் 'புட் இட் ஆஃப்' என இடையிலேயே நிற்றல் வேண்டும். 'புட் ஆஃப் இட்' வழு. 'லுக் ஆஃப்டர்' என்பதோ பிரியாது; 'லுக் ஆஃப்டர் இட்' என்பதே முறை.

நம்மவர் தாமே படைத்துக்கொண்டவையும் சில உள. 'பாஸ் அவுட்' என்று பட்டம் பெற்றமையைக் குறிக்கிறோம். இங்கிலாந்தில் அது படைப்பயிற்சி முடித்தவர்க்கு வழங்கும். பொதுவழக்கில் மூர்ச்சையடைதலே அதன் பொருள். நம் பழைய மாணவர் ஒருவர் கல்லூரியில் 'பாஸ் அவுட்' ஆனதாக அயல்நாட்டு அலுவலகத்திற்கு எழுதுவாராயின், படிப்பவர் சற்று இரங்கவும் கூடும். 'கோப் அப் வித்' என்பது 'கீப் அப் வித்' என்பதன் சாயலில் எழுந்தது போலும். அங்கு 'அப்' வேண்டுவதில்லை, 'கோப் வித்' என்றாலே அமையும்.