விளக்கு சரியில்லையா, சாயம் சரியில்லையா?

கலம்காரி எழுதுபவருக்கும் போர்வை தைப்பவருக்கும் கண்ணுக்கு அடுத்த மூலதனம் தலைக்கு மேல் எரியும் விளக்கு. அது கோளாறு செய்யும்போது பழி என்னவோ வேறு இடத்தில் விழுகிறது.

கண்ணப்பன் தன் கண்ணைத் தோண்டிச் சிவனுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தலம் ஸ்ரீகாளஹஸ்தி. தமிழர்களுக்குத் திருக்காளத்தி. பொன்முகலி என்ற சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரின் இன்னொரு பெருமையும் கண்ணை நம்பியதுதான். மூங்கில் குச்சியின் முனையில் துணியையும் நூலையும் சுற்றி, அதையே பேனாவாக்கி, ராமாயணத்தையும் பாரதத்தையும் துணியில் எழுதும் கலம்காரிக் கலைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். அச்சுக் கட்டை கிடையாது. ஒவ்வொரு கோடும் கைக்கோடு. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது புதிய திருப்பதி மாவட்டத்தில். மாவட்டம் மாறினாலும் வேலை மாறவில்லை. குனிந்த தலை, கூர்ந்த பார்வை.

பகலில் பிரச்னை இல்லை. வாசலிலோ முற்றத்திலோ உட்கார்ந்தால் சூரியனே விளக்கு. ஆர்டர் முடிக்கும் அவசரத்தில் வேலை இரவுக்கு நீளும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. கலம்காரித் துணியில் புடவையும் துப்பட்டாவும் சுவர்த் திரையும் மட்டுமல்ல, பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைகளும் உருவாகின்றன. எழுதுபவர் ஒருவர், மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பொடித்தையல் போடுபவர் இன்னொருவர். இருவரும் சார்ந்திருப்பது ஒரு மேஜை விளக்கை. அது மினுக்கினால் கோடு கோணும். நிறம் காட்டுவதில் ஏமாற்றினால் சாயம் பொருந்தாது. துணி திரும்பி வந்தால் நஷ்டம் கூலியில்தான் பிடிக்கப்படும்.

கடல் கடந்த போர்வை

கலம்காரிக்கும் போர்வைக்கும் உள்ள உறவு புதிதல்ல. 17, 18-ம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சாயத்துணிகளில் முக்கியமானவை 'பலம்போர்' என்ற படுக்கை விரிப்புகள். பலங்போஷ், அதாவது கட்டில் விரிப்பு என்ற சொல்லின் திரிபு அது. கிளை விரித்த பெரிய மரம், அதில் பூவும் பறவையும் என்பது அவற்றின் வழக்கமான சித்திரம். அங்கே பஞ்சு வைத்துத் தைத்துப் போர்வையாக்கினார்கள். துணி கிழிந்த பிறகும் விடவில்லை. பூக்களை மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணியில் ஒட்டித்தைத்துப் புதுப் போர்வை செய்தார்கள்.

இந்த மோகத்தைப் பார்த்து உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-ல் தடை விதித்தது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டது. பிரான்ஸ் 1759-லும் இங்கிலாந்து 1774-லும்தான் இறங்கி வந்தன. அதற்குள் ஐரோப்பாவே சாயமிடக் கற்றுக்கொண்டுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய அணைந்துபோயிருந்த காளஹஸ்திக் கலைக்குத் திரியைத் தூண்டிவிட்டவர் கமலாதேவி சட்டோபாத்யாய். 1957-ல் இங்கே பயிற்சி மையம் வந்தது. ஜொன்னலகட்டா லட்சுமய்யா கற்றுக்கொடுத்தார். அவருடைய மகன் குருப்ப செட்டி 2008-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. எழுதும் மேஜைக்கு மேல் தொங்கும் விளக்கைப் பற்றி மட்டும் பேச ஆளில்லை.

தெரியாத கோடு

இந்த வேலையில் வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம்? துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். பால் மை பரவாமல் தடுக்கும். இரும்புத் துருவையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து எடுத்த கசிமி, கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். கறுப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும்.

சிக்கல் சிவப்பில். சிவப்பு வரவேண்டிய இடத்தில் முதலில் பூசுவது சாயத்தை அல்ல, படிகாரத் தண்ணீரை. அதற்கு நிறம் இல்லாத குறைதான். ஈரத்தின் பளபளப்பை வைத்தே எதுவரை பூசியாயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு துணியைச் சாயத்தில் கொதிக்கவைக்கும்போது, படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். விளக்கு மங்கலாக இருந்து ஒரு மூலை விட்டுப்போனால் அது தெரியவருவது சாயப் பானையில்தான். அப்போது திருத்த முடியாது.

போர்வைத் தையலிலும் இதே கதை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தெரிவது அதன் நிறத்தால் அல்ல, நிழலால். வெளிச்சம் நேர் உச்சியிலிருந்து விழுந்தால் நிழல் மறைந்து தையலும் மறையும். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் ஒவ்வொரு தையலும் எழுந்து நிற்கும். வலது கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கமும், இடது கைக்காரருக்கு வலப்பக்கமும் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் சொந்தக் கையின் நிழலே ஊசியை மறைக்கும்.

மலிவானதிலிருந்து ஆரம்பம்

விளக்கு எரியவில்லை என்றதும் புதிது வாங்க ஓடுவது ஒரு ரகம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குடைவது இன்னொரு ரகம். இரண்டுமே தவறு. முதலில் அதே பிளக் பாயின்ட்டில் வேறு விளக்கைச் செருகிப் பார்க்க வேண்டும். அதுவும் எரியாவிட்டால் குற்றம் சுவரில். எரிந்தால் குற்றம் விளக்கில். அடுத்து பல்பு, பிறகு சுவிட்ச், அதன் பிறகு ஒயர், கடைசியில் உள்ளே இருக்கும் கருவி. செலவு குறைந்ததை முதலில் சந்தேகிப்பதுதான் எலக்ட்ரீஷியன்களின் பாலபாடம்.

மடங்கும் கை உள்ள மேஜை விளக்கில் முதலில் பார்க்க வேண்டியது மூட்டு. ஒரு கோணத்தில் எரிந்து, கையை அசைத்தால் அணைந்தால், மடங்கி மடங்கி உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பல்பை மாற்றிப் பலன் இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒயரை மாற்ற வேண்டும். டேப் சுற்றி ஓட்டுவது ஆபத்து.

ட்யூப் லைட் ரகத்தில் நோய்க்குறிகள் தெளிவானவை. இரண்டு முனையும் சிவந்து நடுவில் இருட்டாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றியதும் ட்யூப் எரிந்தால் சந்தேகமே வேண்டாம். முனைகள் கறுத்து, விட்டுவிட்டு மினுக்கினால் ட்யூபின் ஆயுள் முடிகிறது. புது ட்யூபும் புது ஸ்டார்ட்டரும் போட்ட பிறகும் மினுக்கினால் வோல்டேஜையோ சோக்கையோ பார்க்க வேண்டும். சோக் ரீங்கரித்தால் தொல்லை மட்டுமே. தீய்ந்த வாடை வந்தால் அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும்.

நடுவில் லென்ஸும் சுற்றி வட்ட ட்யூபும் கொண்ட உருப்பெருக்கி விளக்குகளுக்கு இன்னொரு கஷ்டம் காத்திருக்கிறது. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் கூடி, ட்யூப் லைட்டுகளின் உற்பத்தியை 2027-க்குள் நிறுத்தத் தீர்மானித்தன. வட்ட ட்யூப் தேடி அலைவதைவிட, லென்ஸை வைத்துக்கொண்டு எல்.இ.டி. வளையத்துக்கு மாறுவதே புத்திசாலித்தனம்.

எல்.இ.டி.யின் ஏமாற்று

எல்.இ.டி. என்றால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்று பெயர். ஒளி தரும் சில்லு உழைக்கத்தான் செய்யும். அதற்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிரைவர்தான் முதலில் சாகும். குறிப்பாக அதில் உள்ள கெபாசிட்டர். சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் தோராயக் கணக்கு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருப்பதி வட்டாரத்தில், காற்று போகாத மூடிக்குள் அடைபட்ட எல்.இ.டி. வெகு நாள் தாங்காது. எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தால் டிரைவர் போய்க்கொண்டிருக்கிறது.

அணைத்த பிறகும் லேசாக ஒளிர்ந்தால் பேய் அல்ல. சுவிட்சில் உள்ள சின்ன இண்டிகேட்டர் வழியாகக் கசியும் மின்சாரமோ, பேஸுக்குப் பதில் நியூட்ரலில் மாட்டப்பட்ட சுவிட்சோ காரணம். இரண்டாவது என்றால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பை மாற்றப் போகும் கைக்கு அது எமன்.

அடாப்டரில் ஓடும் விளக்கு என்றால், பழையதில் அச்சிட்டுள்ள அதே வோல்ட், அதே பிளஸ்-மைனஸ் அமைப்பு, அதே அல்லது கூடுதலான ஆம்பியர் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். வோல்ட் கூடினால் விளக்கு ஒரு கணம் பிரகாசித்துவிட்டு விடைபெறும்.

அணையாமல் ஒழுங்காக எரியும் விளக்கிலும் கோளாறு உண்டு. ட்யூப் லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் விநாடிக்கு 100 முறை துடிக்கக்கூடும். கண்ணுக்கு நேராகத் தெரியாத இந்தத் துடிப்பு சிலருக்குத் தலைவலியைத் தரும். ஓடும் தையல் மிஷினின் சக்கரம் நிற்பது போலவோ மெதுவாகச் சுற்றுவது போலவோ பிரமை காட்டும். கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. செல்போன் கேமராவை விளக்குக்கு நேரே காட்டினால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அல்லது பென்சிலை வேகமாக ஆட்டிப் பார்க்கலாம். தொடர்ச்சியான மங்கலுக்குப் பதில் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் விளக்கு துடிக்கிறது.

சிவப்பின் வழக்கு

மிகப் பெரிய வில்லங்கம் நிறத்தில். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சு மேலே இருப்பதால் வெள்ளையாகத் தோன்றுகிறது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்கள். உலகத்தின் மின்கட்டணம் குறைந்தது. 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் இந்தியாவில் மட்டும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகமாயின. ஆனால் நீலமும் மஞ்சளும் கலந்த இந்த வெள்ளையில் அடர் சிவப்பு ஒளி குறைவு. கலம்காரியின் உயிரே அந்தச் சிவப்புதான்.

விளைவு, இரவில் பழுப்பாகத் தெரியும் சிவப்பைப் பார்த்துச் சாயம் சரியாக ஏறவில்லை என்று மறுபடி கொதிக்கவிடுவதும், போர்வைக்குப் பொருத்தமென்று எடுத்த நூல் பகலில் வேறு நிறமாக நிற்பதும். குற்றவாளி விளக்கு, தண்டனை சாயக்காரருக்கு.

பெட்டியில் அச்சிடப்படும் சி.ஆர்.ஐ. என்ற எண் விளக்கின் நிற நேர்மையைச் சொல்கிறது. பழைய குண்டு பல்புக்கு அது ஏறத்தாழ 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 அளவில். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு ஒன்பதாவது நிறம். ஆர்-9 என்று பெயர். கணக்கிலேயே சேராது. எனவே சாய வேலைக்கு 90-க்கு மேற்பட்ட சி.ஆர்.ஐ. உள்ள விளக்கு வேண்டும். ஆர்-9 மதிப்பும் அச்சிட்டிருந்தால் அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

எவ்வளவு வெளிச்சம்?

தையல் வேலைக்கு 750 லக்ஸ், நிறம் சரிபார்க்க 1000 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரவிதி. சுவரில் ஒற்றை ட்யூப் எரியும் அறையில் 100, 150 லக்ஸ் கிடைத்தாலே அதிகம். அதற்காகப் பெரிய பல்பு தேட வேண்டாம். சின்ன விளக்கைப் பாதி தூரத்துக்கு இறக்கினால் வெளிச்சம் சுமார் நான்கு மடங்காகும். அறை விளக்கையும் எரியவிட வேண்டும். சுற்றிலும் இருட்டு, நடுவில் மட்டும் பளிச்சென்று வெளிச்சம் என்றால் கண் சீக்கிரம் களைக்கும்.

வயதும் ஒரு கோளாறு. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான். மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்வதால் பெரியவர்களுக்குப் பார்வை போய்விடும் என்பதற்கு ஆதாரமில்லை. ஆனால் கண் எரிச்சலும் தலைவலியும் கழுத்து வலியும் நிஜம். நாற்பதைத் தாண்டியவர் விளக்கைக் குறை சொல்வதற்கு முன் கண்ணாடிக்குப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பல வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, கண்ணாடிதான் இல்லை.

சில எச்சரிக்கைகள் அவசியம். சாயமும் படிகாரமும் நனைத்த கையால் சுவிட்சைத் தொடக் கூடாது. ட்யூப் உடைந்தால் விளக்குமாற்றால் பெருக்காமல், ஜன்னலைத் திறந்து சிறிது நேரம் வெளியே இருந்துவிட்டு, கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ள வேண்டும். உள்ளே பாதரசம் இருக்கிறது. உருப்பெருக்கி விளக்கை ஜன்னலோரம் திறந்து வைத்துவிட்டுப் போவது எல்லாவற்றையும்விட மோசம். லென்ஸில் விழும் வெயில் ஒரு புள்ளியில் குவிந்தால் பஞ்சும் துணியும் புகையத் தொடங்கும். மின்சாரமே இல்லாத நேரத்தில்கூட அந்த விளக்கு வீட்டைக் கொளுத்தும். மூடியோ ஒரு துணி உறையோ போதும்.

ஒரு ஸ்டார்ட்டருக்கும் ஒயருக்கும் ஆகும் செலவு, திரும்பி வந்த ஒரு போர்வையின் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனாலும் கலம்காரிக்காரர்களின் பழைய வழக்கம் ஒன்றை எந்த எல்.இ.டி.யும் இன்னும் ஒழித்துவிடவில்லை. நிறத்தில் சந்தேகம் என்றால் இரவில் முடிவெடுப்பதில்லை. துணியை மடித்து வைத்துவிட்டுக் காலையில் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள்.