படம் பொலிகிறது, ஓட்டம் தளர்கிறது



செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டர், கணிப்பொறிப் பொருள்களுக்குப் பேர்போன அங்காடி. மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் வாழும் நம்மவருக்கும் அது பழகிய இடமே. அத்தகைய கடைகளில் கிராபிக்ஸ் அட்டைக்கு விலை கேட்டு நிற்கும் தந்தையர்க்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. முன்பு வாங்கிய அட்டையே இன்னும் பழுதின்றி இருக்கிறது. ஆயினும் புதிய வீடியோ விளையாட்டு அதில் தடுமாறுகிறது என்கிறான் மகன். குற்றம் பொருளிலா, பையனின் பேச்சிலா? பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

சினிமாவில் அசைவு என்று நாம் காண்பது உண்மையில் அசையாத படங்களின் அணிவகுப்பே. அத்தகைய தனிப்படத்தைப் பிரேம் என்பர். பேசும்படம் நிலைபெற்ற நாள்தொட்டு விநாடிக்கு 24 பிரேம் என்பது உலக வழக்கமாயிற்று. ஆனால் சினிமாவுக்கும் வீடியோ விளையாட்டுக்கும் பெரிய வேற்றுமை ஒன்று உண்டு. சினிமாவின் படங்கள் முன்னரே எடுத்து முடிந்தவை. விளையாட்டின் படமோ, ஆடுபவர் பொத்தானை அழுத்திய பின்னரே வரையப்படுவது. விநாடிக்கு 60 பிரேம் வேண்டுமாயின், ஒவ்வொன்றையும் வரைய இயந்திரத்துக்குக் கிடைக்கும் அவகாசம் விநாடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய 17 பங்குதான். அதற்குள் வேலை முடியாவிடில் பழைய படமே திரையில் நிற்கும். கண் அதைத் தடுமாற்றமாகக் காணும். கை அதைத் தாமதமாக உணரும்.

இந்த இடர்ப்பாடு புதியதன்று. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், 55 பகைவர் திரையில் அணிவகுத்து வருவர். அத்தனை உருவங்களையும் நகர்த்த அக்கால இயந்திரம் திணறியது. எனவே அவர்கள் மெல்ல நகர்ந்தனர். பகைவர் வீழ வீழ வேலை குறைந்து, எஞ்சியோர் விரைந்து பாய்ந்தனர். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விளையாட்டின் சுவையாகவே வைத்துக்கொண்டார். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’, மிக எளிய இயந்திரத்தில் விநாடிக்கு 60 படம் என்ற கணக்கில் ஓடியது. இயந்திரத்தின் வலுவறிந்து ஓவியத்தை எளிதாக அமைத்ததே அதன் இரகசியம்.

பின்னர் இயந்திரத்தின் வலு பன்மடங்கு பெருகியது; படத்தின் பளுவும் அதனுடன் போட்டியிட்டுப் பெருகியது. 1920க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் சுமார் 20 இலட்சம் புள்ளிகள் உண்டு. 3840க்கு 2160 என்ற திரையில் அவை 80 இலட்சத்தைத் தாண்டும். அதாவது நான்கு மடங்கு. 2018இல் என்விடியா நிறுவனம், ஒளிக்கதிர் செல்லும் வழியைக் கணித்து நிழலையும் பிரதிபலிப்பையும் தீட்டும் ‘ரே டிரேசிங்’ முறையை வீட்டுக் கணிப்பொறிக்குக் கொணர்ந்தது. கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் ஒவ்வொரு படத்தின் வேலையும் மிகக் கூடியது.

அழகுக்கு இத்துணை முதன்மை அளிப்பதேன்? விளம்பரப் படத்தில் அழகு தெரியும், ஓட்டம் தெரியாது. நீரில் விழும் விளக்கொளியை ஒரே படத்தில் காட்டி விற்கலாம். சீரான ஓட்டத்தை அவ்வாறு காட்ட இயலாது. அது ஆடிப் பார்த்தவர்க்கே புலப்படும். ஆகவே இயந்திரத்தில் மிச்சமாகும் வலுவைத் தயாரிப்பாளர் பெரும்பாலும் அழகுக்கே செலவிடுகின்றனர். போலந்து நாட்டில் உருவான ‘சைபர்பங்க் 2077’ இதன் விளைவைக் காட்டியது. 2020 டிசம்பரில் வெளியான அவ்விளையாட்டு, 2013ஆம் ஆண்டின் பிளேஸ்டேஷன் 4 இயந்திரத்தில் தடுமாறியது. வேறு குறைகளும் மலிந்திருந்தன. சில நாட்களிலேயே சோனி நிறுவனம் அதைத் தன் விற்பனைத் தளத்திலிருந்து நீக்கியது. திருத்தங்களுக்குப் பின் 2021 ஜூனிலேயே அது திரும்பி வந்தது.

குறையை மறைக்க ஒரு புது உபாயமும் வந்துள்ளது. மெய்யாக வரைந்த இரண்டு படங்களுக்கிடையே, ஊகத்தால் ஆக்கிய படத்தை இயந்திரமே செருகிவிடும். 2022இல் என்விடியா இம்முறையை அறிமுகம் செய்தது. 30 படம் 60 படமாகக் காட்சியளிக்கும், கண்ணுக்கு இதம்தான். ஆனால் ஆடுபவரின் கட்டளை மெய்யான படங்களில்தான் நிறைவேறுகிறது. இடையில் செருக வேண்டின் அடுத்த படம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். எனவே எண் இரட்டித்தாலும் கையின் தாமதம் குறைவதில்லை. சற்றுக் கூடவும் செய்யும். கடையில் “எத்தனை பிரேம்?” என்று மட்டும் கேட்பது போதாது. “அவற்றுள் மெய்யானவை எத்தனை? மிகக் குறைந்த நேரத்தில் எத்தனை?” என்றும் கேட்க வேண்டும். சராசரி நன்றாயிருந்தும் இடையிடையே தடுக்கி விழும் விளையாட்டுகள் உண்டு.

புதிய அட்டைக்குப் பணம் எடுக்குமுன் மூன்று காரியங்கள் செய்து பார்க்கலாம். முதலாவது, விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் ரே டிரேசிங்கை நிறுத்தி, நிழலின் தரத்தையும் ஒரு படி தாழ்த்துவது. இரண்டாவது, படத்தின் புள்ளி அளவைக் குறைத்துப் பார்ப்பது. மூன்றாவது, வெப்பத்தைக் கவனிப்பது. மே மாதத்தில் ஹைதராபாத்தின் வெயில் 40 பாகையைத் தாண்டுவதுண்டு. மடிக்கணிப்பொறி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றுத் துளைகளில் படிந்த தூசியைத் துடைத்து, மெத்தையின்மேல் அன்றி மேசைமேல் வைத்து இயக்கினாலே சில வேளைகளில் தடுமாற்றம் நீங்கும்.

ஏ.எம்.டி., என்விடியா, குவால்காம் ஆகிய நிறுவனங்களின் பொறியியல் மையங்கள் இதே ஹைதராபாத்தில் இயங்குகின்றன. இன்று அமைப்புப் பக்கத்தைத் திருத்தி அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் சிலர், நாளை அங்கே பணிபுரியக்கூடும். இயந்திரத்தின் அளவறிந்து படத்தின் அளவை வகுப்பது அவர்கள் இப்போதே பயிலத்தக்க பாடம். அதற்குச் செலவு ஏதுமில்லை.